வாய்க்கா தண்ணி கிளம்பற ஊரு: அப்பாவோட வால்பாறையில நாலு நாள்

செப்டம்பர் 11, வியாழன் – மலை ஏறுன நாள்

எங்க தோட்டம் உடுமலைக்கு வடக்கால, பெதப்பம்பட்டி பக்கம். பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம்-ஆழியார் திட்டத்து பாசனம். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காதான் எங்க மண்டலத்துக்கு முறை வரும், தண்ணி வந்துருச்சுன்னா அப்பா வீட்ல படுக்கவே மாட்டாரு, டார்ச்ச எடுத்துட்டு மடைக்கு போயிருவாரு. 68 வயசாச்சு, நாப்பது வருஷத்துக்கு மேல அந்த தண்ணிய பாய்ச்சியிருக்காரு, ஆனா திருமூர்த்தி அணைக்கு மேல அது எங்கிருந்து வருதுன்னு ஒரு தடவ கூட போய் பாத்ததில்ல. போன மாசம் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப திடீர்னு "அது கெளம்பற எடத்த பாக்கோணும் கண்ணு"ன்னாரு. அவரு எங்கிட்ட இது வேணும்னு கேக்கறதே அபூர்வம், அடுத்த நாளே லீவு சொல்லிட்டேன்.

பொள்ளாச்சில இருந்து வால்பாறை 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி. ஆழியார் தாண்டி ஏற ஆரம்பிச்சதும் பன்னெண்டாவது வளைவுலயே அப்பாவுக்கு தலை சுத்தல். முன் சீட்டு பாட்டி திரும்பி பாத்துட்டு, ஒண்ணும் கேக்காம மஞ்சப்பையில இருந்து காஞ்ச நார்த்தங்காய் ஒரு துண்டு எடுத்து குடுத்தாங்க, "வாயில ஒதுக்கிக்கோங்கய்யா, முழுங்கிராதீங்க". அஞ்சு நிமிஷத்துல சரியாயிருச்சு. அவங்க 32 வருஷம் கொழுந்து பறிச்சு ரிட்டயர் ஆனவங்களாம், பொள்ளாச்சில கண்ணு காட்டிட்டு திரும்பி போறாங்க.

கீழ பூரா காஞ்ச பாறையும் முள்ளும்தான், மழை மறைவுப் பக்கம். அட்டகட்டி தாண்டுனதும் காத்தே மாறிருச்சு, ஜன்னல் கண்ணாடில ஈரம் படிஞ்சுது. அப்பறம் ஒரு வளைவுல திரும்புனா மலை மலையா பச்சை, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தேயிலை. அப்பா "அடேங்கப்பா, எத்தா பெரிய காடு"ன்னாரு. பாட்டி உடனே "ஆமாங்கய்யா, எங்க காடுதான், அந்தா அந்த சரிவு தெரியுதுல்ல, 14-ம் நம்பர் காடு, அங்கதான் வழுக்கி விழுந்து எனக்கு கால் ஒடிஞ்சுது"ன்னாங்க. இங்க தேயிலைத் தோட்டத்ததான் காடுன்னு சொல்றாங்க, காட்டுக்கு போறேன்னா கொழுந்து பறிக்க போறேன்னு அர்த்தம். எங்க ஊர்லயும் மானாவாரி நிலம் காடுதான், சோளக்காடு, கடலைக்காடு, அதனால அப்பாவுக்கு அது வித்தியாசமாவே படல, ரெண்டு பேரும் அவங்கவங்க காட்ட பத்தி பேசிட்டே வந்தாங்க. நான்தான் "அப்ப மிருகமெல்லாம் இருக்கற காட்ட என்னன்னு சொல்லுவீங்க பாட்டி"ன்னு கேட்டேன். "அது சோலை"ன்னு விரல நீட்டுனாங்க. தேயிலைக்கு நடுவுல, பள்ளத்துல, கரும்பச்சையா ஒரு திட்டு. அவ்ளோதான். அந்த திட்டு மாதிரிதான் ஒரு காலத்துல இந்த மலை பூரா இருந்துச்சுன்னு எனக்கு படிச்சு தெரியும், ஆனா நேர்ல அந்த அளவ பாக்கறப்ப வயித்துல என்னவோ பண்ணுச்சு.

வால்பாறையில இறங்குனா மழை. ஆன்லைன்ல பணம் கட்டி புக் பண்ண லாட்ஜ்ல ரூம வேற யாருக்கோ குடுத்துட்டாங்க, பணம் ஒரு வாரத்துல வரும்னாங்க, அப்பா நனைஞ்சுட்டு வாசல்ல நிக்கறாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. பக்கத்து மெஸ்கார அக்கா பாத்துட்டு மேல மாடில ஒரு ரூம் இருக்கு, 1200 குடுங்கன்னு சாவிய குடுத்தாங்க. சுடுதண்ணி பக்கெட்ல வந்துச்சு. ராத்திரி சோறும் மத்தி மீன் குழம்பும் ரெண்டு பேருக்கு 190 ரூபா, அப்பா மூணு தடவ சோறு வாங்கி சாப்பிட்டாரு.

செப்டம்பர் 12, வெள்ளி – நீரார், சின்னக்கல்லார், சோலையார்

ஜீப் ஒரு நாளைக்கு 2500. டிரைவர் தம்பி எஸ்டேட் லைன் வீட்ல பொறந்து வளந்தவரு, அவரு தாத்தாவ திருநெல்வேலி பக்கத்துல இருந்து தோட்டத்துக்கு ஆள் சேக்கற கங்காணி கூட்டிட்டு வந்தாராம். காலைல டீ 15 ரூபா, தேயிலை வெளையற ஊர்ல டீ பிரமாதமா இருக்கும்னு நெனச்சோம், சுமாராதான் இருந்துச்சு. நல்ல தூளெல்லாம் ஏலத்துக்கு கீழ போயிரும் அக்கான்னாரு.

சின்னக்கல்லார் தமிழ்நாட்டுலயே மழை அதிகமா பெய்யற எடங்கள்ல ஒண்ணு. போற வழியெல்லாம் வைப்பர் நிக்கவே இல்ல. நீரார் அணைன்னு சொல்றாங்களே, பெருசா ஒண்ணும் இல்ல, ஆத்துக்கு குறுக்க ஒரு தடுப்பு, அவ்ளோதான். ஆனா இங்க இருந்துதான் தண்ணிய சுரங்கத்துல திருப்பி சோலையாருக்கு விடறாங்க, அங்கிருந்து பரம்பிக்குளம், தூணக்கடவு, சர்க்கார்பதி, காண்டூர் கால்வாய், திருமூர்த்தி, அப்பறம் எங்க மடை. டிரைவர் தம்பி சொல்ல சொல்ல அப்பா ஒவ்வொரு பேரையும் வாய்க்குள்ள திருப்பி சொல்லிட்டு வந்தாரு. குடைய எங்கிட்ட குடுத்துட்டு மழையிலயே போய் கைப்பிடிக் கம்பிய புடிச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாரு. நான் கூப்பிடல.

திரும்பறப்ப ரோட்டோரம் ஒரு எடத்துல ஜீப்ப நிறுத்தச் சொன்னாரு. ரெண்டு ஓடை பத்தடி தூரத்துல ரோட்டுக்கு கீழ எறங்குது. ஒண்ணு புதுசா கவாத்து வெட்டுன தேயிலைச் சரிவுல இருந்து வருது, அந்த சரிவுல செடியெல்லாம் மொட்டையா குச்சி குச்சியா நிக்குது. இன்னொண்ணு சோலைக்குள்ள இருந்து வருது. அப்பா ரெண்டுலயும் கைய குழிச்சு அள்ளுனாரு. தேயிலைப் பக்கத்து தண்ணி செங்காவியா, கையில மண்ணு நறநறன்னு நின்னுச்சு. சோலைத் தண்ணில உள்ளங்கை ரேகை தெரிஞ்சுது. ஒரே மழை, ஒரே நேரம், ரெண்டு மணி நேரமா ஊத்திட்டு இருக்கு. "மார்ச்சு ஏப்ரல்ல வந்து பாருங்கய்யா, இது காஞ்சு கெடக்கும், சோலை ஓடை மட்டும் நூலாட்டம் ஓடிட்டே இருக்கும்"னாரு டிரைவர் தம்பி. அப்பாவுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவைப்படல. மழைய வாங்கி வெச்சு மெதுவா விடறது யாரு, வந்த வேகத்துக்கு தள்ளி விடறது யாருன்னு ஒரு விவசாயிக்கு கைய வெச்சாலே தெரிஞ்சுருது.

சின்னக்கல்லார் அருவிக்கு போற பாதையில டிக்கெட் வாங்கிட்டு வனத்துறை வாட்ச்சர் ஒருத்தர் கூட வந்தாரு, அம்பது வயசு இருக்கும். உள்ள நுழைஞ்சதும் மத்தியானம் சாயங்காலமா ஆயிருச்சு. மழை நம்ம மேல நேரா விழவே இல்ல, மேல எங்கயோ ஒரு கூரையில விழுந்து, அதுக்கு கீழ ஒரு கூரை, அப்பறம் கிளையில பாசி, கொடி, எல்லாம் தாண்டி சொட்டு சொட்டா எறங்குது. காலுக்கு கீழ மண்ணே தெரியல, பூரா சருகு. முள்ளு முள்ளா ஒரு பழத்தோட தோலு கெடந்துச்சு, வெடிப்பலான்னாரு வாட்ச்சர், சின்ன பலாக்காய உருண்டையா பண்ணி முள்ளு வெச்ச மாதிரி இருக்கு, சோலைமந்திக்கு அதுதான் சோறாம்.

அப்பா குனிஞ்சு சருக விலக்கி கைய உள்ள விட்டாரு. கருப்பா, பொதபொதன்னு, வெள்ளை நூலாட்டம் பூஞ்சை ஓடுற மக்கு. மோந்து பாத்தாரு. "இந்த மாதிரி மண்ணு நம்மகிட்ட இருந்தா ஒரம் எதுக்கு கண்ணு"ன்னாரு. வாட்ச்சர் சிரிச்சுட்டு "இன்னும் கொஞ்சம் தோண்டுங்கய்யா"ன்னாரு. நாலு விரக்கடை கூட இல்ல, அதுக்கு கீழ செம்மண்ணு, வெளுத்து போயி, சப்புன்னு இருக்கு. சத்தெல்லாம் மரத்துலயும் இந்த மேல் சருகுலயும்தான் இருக்குது, இலை விழுந்து மக்கறதுக்குள்ள வேர் மறுபடி உறிஞ்சிக்கிது, மண்ணுக்குள்ள சேத்து வைக்கறது ரொம்ப கம்மி, மரத்த வெட்டிட்டா ரெண்டு மூணு மழையில பூரா கழுவிட்டு போயிரும், அதனாலதான் தேயிலைக்கு மூட்டை மூட்டையா உரம் போட்டுட்டே இருக்க வேண்டியிருக்குன்னாரு. "அன்னாடங்காச்சி மாதிரி, கைக்கும் வாய்க்கும்"னாரு அப்பா. அமேசான்லயும் காட்ட எரிச்சு புல்லு போட்டு மாடு மேய்ச்சு, சில வருஷத்துல மண்ணு செத்து, அடுத்த காட்டுக்கு நகர்ந்து போறாங்கன்னு படிச்சிருக்கேன், அதோட காரணம் எனக்கு இந்த நாலு விரக்கடையிலதான் புரிஞ்சுது.

வெளிய வந்து பேண்ட்ட மடக்குனா அட்டை. எனக்கு ஏழு, அப்பாவுக்கு பதினொண்ணு. வாட்ச்சர் மூக்குப்பொடி டப்பாவ நீட்டுனாரு, பொட்டு வெச்சதும் உதிர்ந்துச்சு, ரத்தம் மட்டும் நிக்க ஒரு மணி நேரம் ஆச்சு.

சாயங்காலம் சோலையார் அணை. மழை விட்டு மேகம் தண்ணி மேலயே படுத்துருந்துச்சு, அவ்ளோ அழகு, எனக்கு போட்டோ எடுக்கவே கை போகல. இந்த தண்ணிக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு அப்பாதான் கேட்டாரு. டிரைவர் தம்பி சாதாரணமா "சோலைதாங்கய்யா, ஆத்தோரச் சோலை, நல்ல பெரிய மரமெல்லாம் பள்ளத்துலதானே இருக்கும்"னாரு. பி.ஏ.பி. வேலை நடந்ததெல்லாம் காமராஜர் காலத்துலயும் அதுக்கு அடுத்தும், 60-கள்ல. எங்க பக்கம் வறண்ட பூமி, அந்த தண்ணி வரலைன்னா நான் படிச்சிருக்கவே முடியாது, அத மறுக்க மாட்டேன். ஆனா இந்த மலையோட பழங்குடிங்க காடர் மக்கள் கிழங்கும் தேனும் எடுத்து பொழச்ச பள்ளத்தாக்குகள் இந்த அணைகளுக்கு அடியில போச்சுன்னு எங்க ஊர்ல யாரும் பேசி நான் கேட்டதில்ல. கல்லார்குடி காடர் மக்கள் 2019 மழையில மண்ணு சரிஞ்சு ஊர விட்டு வந்து, தெப்பக்குளமேடுங்கற எடத்துல வீடு கட்டிக்க அனுமதி கேட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல போராடுனாங்க, காட்டுக்குள்ளயே பொறந்தவங்க. அப்பா ஜீப்ல ஏறி உக்காந்து ரொம்ப நேரம் கழிச்சு "நம்ம தென்னைக்கும் சோலை போயிருக்குது"ன்னாரு. அன்னிக்கு ராத்திரி ரெண்டு இட்லியோட எந்திரிச்சுட்டாரு.

செப்டம்பர் 13, சனி – புதுத்தோட்டம்

சனிக்கிழமைங்கறதால காலைலயே கார் கார். புதுத்தோட்டம் சோலை டவுனுக்கு பக்கத்துலயே இருக்கு, நடுவுல ரோடு. சிங்கவால் குரங்கு, இங்க சோலைமந்தின்னு சொல்றாங்க, மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா ஒலகத்துல வேற எங்கயும் கெடையாது. மரத்த விட்டு எறங்காத ஜாதி அது. காடு துண்டா போனதால இப்ப தார் ரோட்டுல நடக்குது. கருத்த உடம்பு, முகத்த சுத்தி வெள்ளை பிடரி, ஒரு தாய் மந்தி குட்டிய வயித்துல தொங்கப் போட்டுட்டு ரோட்டோரம் வண்டிய பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. ரெண்டு பக்க மரத்தையும் சேத்து மேல பட்டையா பாலம் கட்டி விட்டிருக்காங்க, சிலது அதுல போச்சு. காவலுக்கு நின்ன அண்ணன் வண்டிய கை காட்டி மெதுவா போகச் சொல்லிட்டே இருந்தாரு, ஒரு கார்க்காரர் நிறுத்தி சிப்ஸ் பாக்கெட்ட நீட்டுனாரு, அண்ணன் கைய எடுத்து கும்பிட்டு "வேண்டாங்க சார், பழகிருச்சுன்னா வண்டில அடிபட்டு சாகுங்க"ன்னாரு. அவரு முறைச்சுட்டு போனாரு. நாங்க நின்ன ஒரு மணி நேரத்துல இந்த மாதிரி நாலு தடவ.

இந்த பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890-க்கு அப்பறம் வெள்ளைக்காரன் காபிக்கும் தேயிலைக்கும் வெட்ட ஆரம்பிச்சு ஒரு நாப்பது அம்பது வருஷத்துல முடிச்சுட்டான். மலேரியாவுக்கு கொயினா மருந்து வேணும்னு சின்கோனா மரம் போட்டாங்க, அந்த பேர்லயே ஒரு ஊர் இருக்கு. தேயிலை காய வைக்க விறகு வேணும்னு யூக்கலிப்டஸ் போட்டாங்க. நிழலுக்கு ஆஸ்திரேலியா சில்வர் ஓக். வெட்டுனவங்க கையெல்லாம் நம்ம ஜனங்க கை, பஞ்சத்துக்கு பயந்து மலை ஏறுனவங்க, அவங்கள குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. மிச்சமானது நாப்பது சொச்சம் துண்டு, சிலது எங்க தோட்டத்த விட சின்னது. துண்டா போனா அதோட நிக்கறதில்ல, ஓரத்து மரத்த காத்து சாய்க்குது, வெயில் உள்ள பூந்து உண்ணிச்செடிங்கற களை மண்டுது. இருவாச்சி மாதிரி பெரிய பறவைதான் கருங்குங்கிலியம் மாதிரி பெரிய விதைய முழுங்கி தூரத்துல போடும், அதுக்கு கூடு கட்ட பொந்து உள்ள வயசான மரம் வேணும், மரம் இல்லைன்னா பறவை இல்ல, பறவை இல்லைன்னா மரம் இல்ல.

மத்தியானம் ஒரு நாத்துப்பண்ணைக்கு போனோம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரங்க, திவ்யா முடப்பா, சங்கர் ராமன் ஆரம்பிச்ச வேலை, 2000 வாக்குல இருந்து எஸ்டேட் கம்பெனிகளோட பேசி அவங்க எடத்துல இருக்கற சோலைத் துண்டுகள்ல சொந்த ஊர் மரங்களையே திரும்ப நடறாங்க. விதைய பெரும்பாலும் ரோட்டோரத்துல பொறுக்கறாங்களாம், தார் ரோட்டுல விழுந்தா எப்படியும் மொளைக்காது. பாலிதீன் பையில வரிசை வரிசையா கன்னு, நாங்கு, பாலி, வெடிப்பலா, ஒவ்வொண்ணுக்கும் சின்ன போர்டு. அங்க வேலை செய்யற தம்பிகிட்ட அப்பா, "சும்மா வேலி போட்டு விட்டா காடு தானா வந்துராதா?"ன்னு கேட்டாரு. "நாங்களும் அப்டி விட்ட எடம் இருக்குங்கய்யா, இருபது வருஷமாகியும் உண்ணிச்செடிதான் நிக்குது, புடுங்கி, நட்டு, மறுபடி புடுங்கி, ஒரு மூணு வருஷம் புள்ளைய வளக்கற மாதிரி பாக்கணும்"னாரு.

அப்பா வெடிப்பலா கன்னு ஒண்ணு தோட்டத்துக்கு கேட்டாரு, அவரு கூச்சப்பட்டுட்டே மறுத்துட்டாரு, உங்க வெயில்ல ஒரு வாரம் தாங்காதுன்னு. இங்க வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல மழை, எங்க பக்கம் 600 வந்தாலே நல்ல வருஷம். அப்பா அந்த கன்ன கீழ வெக்க மனசில்லாம ரெண்டு இலையையும் தடவிட்டே நின்னாரு. இலைக்கு அடிப்பக்கம் செம்புப் பொடி பூசுன மாதிரி மினுங்குது, வெளிச்சத்துல திருப்பி திருப்பி காட்டுனாரு எனக்கு.

சாயங்காலம் மெஸ் அக்கா மிளகாய் பஜ்ஜி போட்டாங்க, நாலு 40 ரூபா, அந்த குளிருக்கு தேவாமிர்தம். எண்ணெய் ரேஷன் பாமாயில், லிட்டர் 25 ரூபா பாக்கெட், எங்க வீட்லயும் அதேதான். பாமாயில் ஒலகத்துலயே அதிகமா எறக்குமதி பண்றது நம்ம நாடு, வர்றது பெரும்பாலும் இந்தோனேசியாவுலயும் மலேசியாவுலயும் இருந்து, சுமத்ராவுலயும் போர்னியோவுலயும் தாழ்நில மழைக்காட்ட வெட்டி வெட்டித்தான் எண்ணெய்ப்பனை போட்டாங்க, ஒராங்குட்டானுக்கு எடமில்லாம போச்சு. அன்னிக்கு லண்டன்காரன் டீ குடிக்க ஆனைமலை போச்சு, இன்னிக்கு நம்ம பஜ்ஜிக்கு வேற ஒருத்தரோட மலை போகுது. அக்காகிட்ட இத சொல்லல, அவங்களுக்கு வேற எண்ணெய் கட்டுபடியாகாது. பொட்டலத்து மேல எது எங்கிருந்து வருதுன்னு அரசாங்கம்தான் கேக்கணும், வாங்கறவங்க தலையில போட கூடாது.

பேசிட்டு இருக்கறப்பவே அக்கா போனுக்கு ஒரு மெசேஜ், இன்ன எஸ்டேட் பக்கம் யானைன்னு. ராத்திரி ஒரு சோலையில இருந்து இன்னொரு சோலைக்கு தேயிலை வழியா நடக்குமாம், ரேஷன் கடைய ஒடைச்சு அரிசி எடுக்கும். பக்கத்துல யானை இருந்தா எரியற மாதிரி அங்கங்க கம்பத்துல சிவப்பு லைட் வெச்சிருக்காங்க, போன்லயே போட்டு விடலாம். இந்த எச்சரிக்கை ஏற்பாட்டுக்காகத்தான் அதே ஃபவுண்டேஷன் ஆனந்தகுமாருக்கு 2015-ல, காட்டுயிர் பாதுகாப்புக்கு குடுக்கற விட்லி விருது குடுத்தாங்க. அக்காவோட சித்தப்பா முந்தி யானை மிதிச்சு எறந்தவரு. "அதும் பாவம்தான, நாம வர்றதுக்கு முன்னாடி அது நடந்த வழி"ன்னு மாவ கலக்கிட்டே சொன்னாங்க. 2024 ஜூலை 30 ராத்திரிய பத்தியும் சொன்னாங்க, வயநாட்டுல முண்டக்கையும் சூரல்மலையும் போன அதே ராத்திரி இங்க சோலையார் பக்கம் ஒரு வீட்டு மேல மண்ணு சரிஞ்சு பாட்டியும் பேத்தியும் போயிட்டாங்க. மழை ஓங்கி பெஞ்சா இப்பல்லாம் தூங்கறதில்லயாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு – எறங்குன நாள்

ஞாயித்துக்கிழமை எறங்கக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க, கேட்டிருக்கலாம். கொண்டை ஊசியில ரெண்டு வேன் ஒண்ணுக்கொண்ணு வழி விடாம ஒரு மணி நேரம். வழியில கார்வர் மார்ஷ் சிலை இருக்கு, இந்த மலைய தேயிலையாக்குன தொரை. பஸ் அதுக்கு பக்கத்துலயே நின்னதால அப்பா நல்லா பாத்தாரு. "வெட்டுனவனுக்கு செலை இருக்குது, நடறவனுக்கு சம்பளமாச்சும் ஒழுங்கா வருதா"ன்னு கேட்டாரு. முன் சீட்டுக்காரர் திரும்பி பாத்தாரு.

ராத்திரி எட்டு மணிக்கு வீடு. அட்டை கடிச்ச எடம் இன்னும் அரிக்குது. காலைல பக்கத்து தோட்டத்து மாமா வந்து "எப்டிங்க மச்சான் வால்பாறை, நல்ல பச்சையா இருந்துச்சுங்களா"ன்னு கேட்டாரு. அப்பா காபிய கீழ வெச்சுட்டு, மாடு ஓட்டற குச்சிய எடுத்து வாசல் மண்ணுல கோடு போட ஆரம்பிச்சாரு. இது நீராரு, இது சொரங்கம், இது சோலையாரு, இங்க பரம்பிக்குளம், தூணக்கடவு, சர்க்கார்பதி, காண்டூர், திருமூர்த்தி, இந்தா நம்ம மடை. ஒரு பேர் கூட தப்பல. அப்பறம் மேல பெருசா ஒரு வட்டம் போட்டு, உள்ள பூரா குறுக்கு நெடுக்கா கிறுக்குனாரு, "இதெல்லாம் டீத்தூளு". அந்த கிறுக்கலுக்கு நடுவுல குச்சி நுனியால ஒவ்வொண்ணா புள்ளி குத்துனாரு. "சோலை எத்தனை துண்டுன்னு சொன்ன கண்ணு?" நாப்பது சொச்சம்பான்னேன். அவரு எண்ணிட்டே குத்துனாரு, இருபதுலயே மாமா குனிஞ்சு பாத்துட்டு "இத்தாம்பெரிய மலையில இவ்வளவுதானுங்களா மிச்சம்"னாரு. அப்பா பதில் சொல்லல, எண்ணிக்கை விட்டுப் போயிரும்னு குத்திட்டே இருந்தாரு.